புளூ ரோன்னு சொல்லி விக்கற குதிரை, இது ரோனா கிரேயா? வாங்கறதுக்கு முன்னாடி எப்படிக் கண்டுபிடிக்கறது?

செல்வி_டெக்சாஸ்

வணக்கம். நாங்க ஃபோர்ட் வொர்த் பக்கம் இருக்கோம். பொண்ணுக்கு 13 வயசு, நாலு வருஷமா ரைடிங் கத்துக்கறா, இப்ப சொந்தக் குதிரை வேணும்னு எங்க உயிர எடுக்கறா. ஒரு ராஞ்ச்ல குவார்ட்டர் ஹார்ஸ்ங்கற அமெரிக்க இனக் குதிரை ஒண்ணு பாத்தோம், காயடிச்ச ஆண், 4 வயசு, 'புளூ ரோன்'னு சொல்லி கலருக்காகவே விலைய ஏத்தி வச்சிருக்காங்க. உடம்பு முழுக்க கருப்பு முடியும் வெள்ள முடியும் கலந்து தூரத்துல இருந்து பாத்தா நீலச் சாம்பல் மாதிரி தெரியுது, பிடரி வால் கால் எல்லாம் கருப்பு. ஆனா ரைடிங் கிளாஸ்ல ஒரு பெரியவர் போட்டோவப் பாத்துட்டு இது ரோனே இல்ல, கிரே, அஞ்சாறு வருஷத்துல வெள்ளையாயிடும், கலருக்குன்னு தனியா காசு குடுக்காதீங்கன்னு சொல்லிட்டார். விக்கறவங்ககிட்ட கேட்டா சிரிக்கறாங்க. யாரு சொல்றது சரி? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் காலேஜ்ல படிச்சதுதான், செவப்பு மாடும் வெள்ள மாடும் சேந்தா ரோன் கன்னு, கோடாமினன்ஸ், அதாவது ரெண்டு நிறமும் சேந்தே வெளிய தெரியறது. இதுவும் அதேதானா?

நாமக்கல்_வெட்

கடைசிக் கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன் மேடம், அதே இல்ல. நீங்க படிச்சது ஷார்ட்ஹார்ன் மாடு, அங்க செவப்பு ஜீன் ஒண்ணு வெள்ள ஜீன் ஒண்ணு சேந்தாத்தான் ரோன். குதிரைல கதை வேற, ரோன் ஜீன் ஒண்ணு இருந்தாலே போதும், ரோன்தான். 3ஆம் குரோமோசோம்ல கிட்னு ஒரு ஜீன் இருக்கு, அந்த இடத்துலதான் விஷயம். அதனால அப்பா அம்மால ஒருத்தராவது ரோனா இருந்தாகணும், நடுவுல ஒரு தலைமுறை ஒளிஞ்சிருந்துட்டு திடீர்னு வெளிய வராது.

ரோன் எந்தக் கலர் மேலயும் வரும். கருப்பு மேல வந்தா புளூ ரோன், செவலை மேல வந்தா ரெட் ரோன், இதத்தான் ஸ்ட்ராபெரின்னும் சொல்லுவாங்க. பழுப்பு உடம்பும் கருப்புப் பிடரியும் இருக்கற பே கலர் மேல வந்தா பே ரோன். எல்லாத்துலயும் வெள்ள முடி கலந்திருக்கறது உடம்புல மட்டும்தான், தலை, முழங்காலுக்குக் கீழ, பிடரி, வால் எல்லாம் பழைய நிறத்துலயே நிக்கும். முன்னங்கால பாத்தீங்கன்னா கருப்பு மேல ஏறி கவுத்துப் போட்ட 'வி' மாதிரி கூரா முடியும், அது நல்ல அடையாளம்.

கிரே அப்படியே தலைகீழ். பொறக்கறப்ப முழுக் கருப்பாவோ செவலையாவோ பொறக்கும், அப்புறம் வருஷா வருஷம் நரைக்கும், அதுவும் பெரும்பாலும் மூஞ்சில, கண்ணச் சுத்திதான் ஆரம்பிக்கும். வியன்னாவுல டான்ஸ் ஆடற லிப்பிசானர் குதிரைங்கல்லாம் பாத்திருப்பீங்க, வெள்ள வெளேர்னு, அதுங்க குட்டில கருப்பா இருந்ததுங்கதான். ரோன் அப்படி வருஷா வருஷம் வெளுக்காது, குட்டி முடி கொட்டினதும் எப்படித் தெரியுதோ கடைசி வரைக்கும் அதுதான். சீசனுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் மாறும், குளிர்கால முடி கொட்டினதும் வெளுப்பாத் தெரியும், திரும்ப அடர்த்தியாகும். ஐஸ்லாந்து குதிரைங்கள்ல இந்த மாற்றம் இன்னும் ஜாஸ்தி, சில மாசம் ரோன்னே தெரியாது.

இன்னொண்ணு, உடம்புல பழைய காயத் தழும்பு இருக்கான்னு பாருங்க. ரோன் குதிரைக்கு அடிபட்ட எடத்துல வெள்ள முடி திரும்ப வராது, கருப்பு மட்டும்தான் மொளைக்கும், அத கார்ன் மார்க்னு சொல்லுவாங்க. மத்த குதிரைங்களுக்கு தழும்புல வெள்ள முடிதான் வரும்.

காங்கேயத்தான்

ஏனுங்க இந்த கிரே சமாச்சாரம் எங்கூட்டு மாட்டுலயே இருக்குதுங்க. காங்கேயம் கன்னு போட்டப்ப செவலையாத்தான் இருக்கும், ஆறு மாசம் போனா மயிலையாயிரும், சாம்பல் நெறம். காளை வளந்தா திமில் முன்னுடம்பெல்லாம் கருக்கும், காயடிச்சா திரும்ப வெளுத்துரும். ஜீனு வேறன்னு டாக்டர் சண்டைக்கு வருவாப்ல, ஆனா கன்னுல இருக்கற நெறத்த நம்பி காசு குடுக்கக்கூடாதுன்னு எங்கப்பாரு சொல்றது இதுக்கும் பொருந்தும் பாருங்க.

ரேஸ்_கிண்டி_முருகேசன்

எனக்கு ஒரு டவுட், நான் பாத்த வரைக்கும் அமெரிக்க ரேஸ் புரோகிராம்ல எல்லாம் கிரே/ரோன்னு சேத்தேதான் போட்டிருக்கும், அப்ப ரெண்டும் ஒண்ணுதானோன்னு இவ்வளவு நாள் நெனச்சிட்டிருந்தேன். இன்னொண்ணும் கேள்விப்பட்டேன், ரோனையும் ரோனையும் சேத்தா கரு வயித்துலயே கலைஞ்சிடுமாமே, அதனால ரோன் வாங்கறதே ரிஸ்க்னு சொல்றாங்க.

நாமக்கல்_வெட்

முருகேசன் சார், மொதல் விஷயத்துல உங்க மேல தப்பில்ல, ரேஸ் குதிரைங்கள பதிவு பண்ற அமெரிக்க ஜாக்கி கிளப் ரெண்டையும் ஒரே கணக்குல எழுதறதால வந்த குழப்பம் அது. ரேஸ் குதிரைல நிஜ ரோன் ரொம்ப ரொம்ப அபூர்வம், ரோன்னு எழுதினதுல அனேகமா எல்லாமே செவலை நரைச்சிட்டு வர்ற கிரேதான், அரைகுறையா நரைச்சப்ப ரோன் மாதிரியே இருக்கும். அரபிக் குதிரைலயும் நிஜ ரோன் கெடையாது, விலாவுலயும் வால் அடியிலயும் மட்டும் வெள்ள முடி வர்ற ரபிகானோங்கற வேற ஒண்ண ரோன்னு சொல்லிடுவாங்க.

ரெண்டாவது பழைய கதை. 1979ல பெல்ஜியன் வண்டிக் குதிரைங்க பதிவேட்ட வச்சு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது, ரெண்டு ரோனும் சேந்தா வரவேண்டிய அளவு ரோன் குட்டி வரலைன்னு கணக்குப் போட்டாங்க, அதுல இருந்து கிளம்பினதுதான் இது. அப்புறம் ரெண்டு ஜீனும் ரோனாவே இருக்கற பொலிகுதிரைங்க நல்லா உயிரோட இருக்கறது தெரிஞ்சது, எந்தக் கலர் பெட்டையோட சேத்தாலும் குட்டி எல்லாம் ரோன். இப்ப டெஸ்ட் பண்ணியே விக்கறாங்க. எப்படியும் மேடம் பாத்தது காயடிச்சது, அந்தக் கவலையே வேண்டாம் 😄

செல்வி_டெக்சாஸ்

ரொம்ப நன்றி டாக்டர். நேத்து போய்ப் பாத்தோம், முன்னங்கால்ல அந்த 'வி' இருக்கு, பின்பக்கம் தொடைல கம்பி கிழிச்ச மாதிரி ஒரு கோடு, முழுக் கருப்பு!! அப்ப ரோன்தான்னு சந்தோஷமா குதிரையோட பதிவுப் பேப்பர வாங்கிப் பாத்தா அம்மா புளூ ரோன், ஹான்காக்னு பேர்போன குவார்ட்டர் ஹார்ஸ் பரம்பரையாம், அதப் பெருமையா சொன்னாங்க. ஆனா அப்பா கிரேன்னு போட்டிருக்கு. இப்ப உத்துப் பாத்தா தலை கருப்புதான், ஆனா கண்ணச் சுத்தியும் கன்னத்துலயும் அங்கங்க வெள்ள முடி தெரியுது, மொதல் தடவ பாத்தப்ப கவனிக்கல. என்ன பண்றது இப்ப?

நாமக்கல்_வெட்

நெனச்சேன். ரெண்டும் ஒரே குதிரைல இருக்கலாம் மேடம், ரோன் ஜீன் அம்மா குடுத்தது, கிரே ஜீன் அப்பா குடுத்தது. அப்படி இருந்தா கிரேதான் ஜெயிக்கும், ரோனையும் சேத்து வெளுத்துடும். நிஜ ரோனுக்கும் மூஞ்சில நாலு வெள்ள முடி இருக்கலாம், அதனால கண்ணால பாத்து அடிச்சுச் சொல்ல மாட்டேன். கிரேக்கான ஜீன் மாற்றத்த 2008லயே கண்டுபிடிச்சிட்டாங்க, டெஸ்ட் சுலபம். பிடரில இருந்து ஒரு 20, 30 முடிய வேரோட பிடுங்கி கலிபோர்னியாவுல இருக்கற யூசி டேவிஸ் யுனிவர்சிட்டி மாதிரி லேபுக்கு தபால்ல அனுப்புங்க, கத்தரிச்சு அனுப்பினா பிரயோஜனமில்ல, வேர்ல இருந்துதான் டிஎன்ஏ எடுக்கணும். கலருக்கு மட்டும் இல்ல, கிரே குதிரைக்கு வயசானா வாலுக்கு அடியிலயும் ஆசன வாயச் சுத்தியும் மெலனோமாங்கற தோல் புத்துநோய்க் கட்டி ரொம்ப சாதாரணமா வரும், அதுக்காகவும் தெரிஞ்சு வாங்கறது நல்லது.

செல்வி_டெக்சாஸ்

ரிசல்ட் வந்துடுச்சு. கிரே ஜீன் ஒரு காப்பி, ரோன் ஜீன் ஒரு காப்பி. பெரியவரும் சரி, விக்கறவங்களும் சரி, நடுவுல நாங்கதான் கேனையாகத் தெரிஞ்சோம். ரிசல்ட்ட காட்டினதும் கலருக்காக ஏத்தின விலைய மறுபேச்சு பேசாம கொறச்சுட்டாங்க, அதுல இருந்தே அவங்களுக்கு முன்னாடியே தெரியும்னு என் வீட்டுக்காரர் சொல்றார். வெட் செக்ல காலு, மூச்சு எல்லாம் நல்லா இருக்குன்னுட்டாங்க, குணமும் தங்கம், அதனால வாங்கிட்டோம், சனிக்கிழமை ட்ரெய்லர்ல வருது. பொண்ணு 'நீலன்'னு பேரு வச்சுட்டா, வெள்ளையானா என்னடி பண்ணுவேன்னா மொறைக்கறா.

நாமக்கல்_வெட்

நல்ல முடிவு. ஒரு காப்பிதான்னா பொதுவா மெதுவாத்தான் வெளுக்கும், அப்புறமா உடம்புல எள்ளு தூவின மாதிரி புள்ளி புள்ளியா வர வாய்ப்பு அதிகம், அதுவும் ஒரு அழகுதான். வருஷம் ஒரு தடவ வால தூக்கிப் பாக்க மறக்காதீங்க.

காங்கேயத்தான்

அதெல்லாம் சரிங்கம்மணி, அந்தியூர் சந்தைல எங்க மாமன் நெறத்தப் பாக்கவே மாட்டாரு, சுழியத்தான் பாப்பாரு. நீலனுக்கு நெத்திச் சுழி எத்தனைங்க?