பண்டா தீவுகளுக்கு ஜாதிக்காய் வேலையாகப் போகிறவர்கள் கவனிக்க

கொள்முதல் பிரிவு உறுப்பினர்:

இந்தோனேசியாவின் மலுக்கு மாகாணத்தில் இருக்கும் பண்டா தீவுகளுக்குக் கொள்முதல், தரப் பரிசோதனை என்று வேலையாகப் போகிறவர்கள் அடிக்கடி கேட்பதால் இந்த இழை. தெரிந்தவர்கள் கீழே சேர்த்துக்கொண்டே போகலாம்.

முதலில் காற்றைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் டிக்கெட். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்கிழக்குக் காற்று. டிசம்பர் பின்பாதியிலிருந்து பிப்ரவரி வரை மேற்குக் காற்று. இந்த இரண்டு பருவத்திலும் பண்டா கடலில் அலை ஏறிவிடும். அம்போன் தீவின் துலேஹு துறைமுகத்திலிருந்து பண்டாவின் முக்கியத் தீவான நெய்ராவுக்குப் போகும் விரைவுப் படகு நாள்கணக்கில் நின்றுபோகும். வேலைக்கு ஏற்ற காலம் மார்ச் கடைசி முதல் மே வரை, பிறகு செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை. அலுவலகம் ஜூலையில் போகச் சொன்னால் தேதியை மாற்றித் தரும்படி அப்போதே கேட்டுவிடுங்கள். போய் மாட்டிக்கொண்ட பிறகு விளக்கம் எழுதுவதால் பயன் இல்லை.

கடல் அமைதியாக இருந்தால் விரைவுப் படகு ஏறத்தாழ 6 மணி நேரத்தில் சேர்த்துவிடும். வாரத்துக்கு இரண்டு முறை என்ற கணக்கில் ஓடும், ஆனால் அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும். அரசுக் கப்பல் நிறுவனமான பெல்னியின் கப்பல் பெரியது, அலையைத் தாங்கும். ஆனால் அது பல தீவுகளைச் சுற்றி வருவதால் வாரக்கணக்கு இடைவெளியில்தான் வரும், நடு இரவிலும் வந்து நிற்கும். 12 பேர் அமரும் சிறு விமானம் இருக்கிறது. அதில் பை 10 கிலோவுக்கு மேல் போகாது என்பதால் மாதிரிக் கருவிகளோடு போகிறவர்களுக்கு உதவாது. மேகம் இறங்கினால் அதுவும் ரத்து.

பலர் கோட்டை விடுவது அம்போனில்தான். ஜகார்த்தாவில் இரவு ஏறினால் விடியலில் அம்போன். அதே காலையில் படகைப் பிடித்துவிடலாம் என்று தாளில் தெரியும். விமான நிலையம் விரிகுடாவின் ஒரு பக்கம், துலேஹு துறைமுகமோ தீவின் கிழக்குக் கரையில். விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் படகு போய்விடும், அடுத்தது மூன்று நான்கு நாள் கழித்துத்தான். அம்போனில் ஒரு இரவு தங்குவதைச் செலவில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். திரும்பும்போதும் நெய்ராவை விட்டுக் கிளம்பும் நாளுக்கும் நாடு திரும்பும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 3 நாள் விடுங்கள். அம்போன் நேரம் ஜகார்த்தாவைவிட 2 மணி நேரம் முன்னால், நம் நேரத்தைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். சென்னை அலுவலகத்தோடு பேச வேண்டியதை அங்கே பிற்பகலில் வைத்துக்கொள்வதுதான் வசதி.

தரக் கட்டுப்பாட்டு உறுப்பினர்:

பயண விவரத்தோடு சரக்கு விவரத்தையும் சேர்க்கிறேன். நல்ல மரத்து நல்ல காயும் பறித்த பிறகு நடக்கும் கவனக்குறைவால் கெடுகிறது. அதனால் கிடங்கில் மூட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்புவது போதாது. தோட்டத்துக்கும் உலர்த்தும் இடத்துக்கும் போயே ஆக வேண்டும்.

பண்டாவில் ஜாதிக்காய் மரங்கள் உயரமான கெனாரி மரங்களின் நிழலில் நிற்கின்றன. பழம் முற்றினால் தானாக வெடித்து, உள்ளே ஓட்டைச் சுற்றிய சிவப்புப் பத்திரி (ஜாதிபத்திரி) தெரியும். நீண்ட மூங்கில் கோலின் நுனியில் சிறு கூடையும் கொக்கிப் பற்களும் கட்டிய கருவியால் வெடித்த பழத்தை மட்டும் பறிக்கிறார்கள். கூடையில் விழுவதால் காய் மண்ணைத் தொடாது. சிக்கல் தானாக உதிர்ந்த காய்களில் இருக்கிறது. ஈர மண்ணில் இரண்டு மூன்று நாள் கிடந்தால் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை ஏறிவிடும், அஃப்லாடாக்சின் என்ற நச்சு அங்கிருந்துதான் வருகிறது. உதிர்ந்ததைத் தனி மூட்டையில் போடச் சொல்லுங்கள். அதற்குத் தனி விலை பேசிவிட்டால் கலக்க மாட்டார்கள். ஒரே விலை என்றால் எந்த விவசாயியும் பிரித்துவைக்க மாட்டார், அதில் தவறும் இல்லை.

முற்றாத காயைக் கண்டுபிடிப்பது எளிது. முற்றிய காயின் ஓடு கரும்பழுப்பில் பளபளக்கும். முற்றாததில் ஓடு வெளிறி இருக்கும், பத்திரியும் மங்கலாக இருக்கும். உலர்ந்தால் பருப்பு சுருங்கிவிடும். எண்ணெய் வடிப்பவர்கள் இளங்காயைத்தான் விரும்பி வாங்குகிறார்கள், அது வேறு வியாபாரம். முழுக்காயாக ஏற்றுமதி செய்கிறவர் அதைத் தொடக்கூடாது.

பத்திரியைப் பிரித்தபின் காயை ஓட்டோடுதான் உலர்த்த வேண்டும். வெயிலும் மழையும் மாறி மாறி வரும் தீவு என்பதால் மூங்கில் பட்டைத் தட்டில் பரப்பி, கீழே மெல்லிய புகை மூட்டுவது பழைய முறை. தினமும் புரட்டிவிட வேண்டும். 4 முதல் 8 வாரம் பிடிக்கும். தட்டில் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் போனால் ஜாதிக்காயில் இருக்கும் கொழுப்பு உருகத் தொடங்கும். தீயை ஏற்றினால் பருப்பின் மேல் எண்ணெய் கசிந்து, மேல்பக்கம் இறுகி, நடுவில் ஈரம் அடைபட்டுக்கொள்ளும். வெளியே பார்க்க அருமையாக இருக்கும் அந்தக் காய்தான் கப்பலில் பூஞ்சை பிடிப்பது. வாங்குகிறவர் படகு நாளைக் காட்டி அவசரப்படுத்தும்போதுதான் இப்படித் தீயை ஏற்றுகிறார்கள். ஆகவே கொள்முதல் தேதியை முடிவு செய்யும்போது பறித்த தேதியிலிருந்து எண்ணுங்கள்.

குலுக்கினால் ஓட்டுக்குள் பருப்பு ஆடும் சத்தம் கேட்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. அதை மட்டும் நம்பாதீர்கள். நடுப்பகுதி உலர்வதற்கு வெகு முன்பே பருப்பு ஓட்டை விட்டு விலகிவிடும். ஒவ்வொரு தட்டிலும் மேலிருந்தும் ஓரத்திலிருந்தும் நடுவிலிருந்தும் எடுத்து உடைத்து, பருப்பைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஈரப்பதம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தானியத்துக்கு அளவுதிருத்தம் செய்த கையடக்க மீட்டர் ஜாதிக்காயில் தப்பாகக் காட்டும். சூளையில் வைத்து எடை இழப்பைப் பார்ப்பதும் சரிவராது, ஏனென்றால் ஈரத்தோடு வாசனை எண்ணெயும் ஆவியாகி, ஈரம் கூடுதலாக இருப்பதுபோல் கணக்கு வரும். மசாலாப் பொருளுக்குக் கரைப்பான் சேர்த்து நீரை வடித்து அளக்கும் முறைதான் ஆய்வகத்தில் சரியானது. கிளம்பும் முன் அந்த முறையில் அளந்த ஒரு தொகுப்பை உங்கள் மீட்டரிலும் அளந்து, வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு போங்கள்.

முடிந்தவரை ஓட்டோடு வாங்குவதே நல்லது, சேமிப்பில் ஓடுதான் காவல். 10 கிலோ எடுத்து அங்கேயே உடைத்து, பருப்பு எவ்வளவு, சுருங்கியது எவ்வளவு, புழு அரித்தது எவ்வளவு என்று நிறுத்துப் பாருங்கள், விலை தானாகத் தெளிவாகும். உடைக்கும்போது மரக்கொட்டாப்புளியால் காயின் முனையில் தட்ட வேண்டும். பக்கவாட்டில் அடித்தால் பருப்பில் கருப்புத் தழும்பு விழும். சந்தைத் தரங்கள் மூன்று: ஏபிசிடி என்றால் நல்ல முழுப்பருப்பு. எஸ்எஸ் என்றால் சுருங்கினாலும் கெடாதது. பிடபிள்யூபி என்றால் உடைந்ததும் புழு அரித்ததும், அது எண்ணெய் வடிக்கும் ஆலைக்கு. நீண்ட வடிவக் காய் கண்ணில் பட்டால் கேளுங்கள். பப்புவா ஜாதிக்காய் வேறு இனம், மணம் குறைவு. பண்டாக் காய் உருண்டைக்கு நெருக்கமாக இருக்கும்.

ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கென்றால் அஃப்லாடாக்சினில் பி1 வகை மட்டும் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், எல்லா வகையும் சேர்த்து 10 மைக்ரோகிராம் என்பது வரம்பு. இந்தோனேசிய ஜாதிக்காய்க்கு 2016 முதல் சுகாதாரச் சான்றும் கேட்கத் தொடங்கினார்கள். நச்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. நூற்றில் ஒரு காய் முழு நஞ்சையும் சுமந்திருக்கலாம். கைப்பிடி அளவு மாதிரி அனுப்பிச் சுத்தம் என்று வந்தால் அதற்கு மதிப்பே கிடையாது. பல மூட்டைகளின் அடி, நடு, மேல் என்று எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்துக் கலந்து, அதிலிருந்து பகுதி எடுக்க வேண்டும்.

கடல்சார் கணக்கெடுப்பு உறுப்பினர்:

நெய்ராவில் தங்கினால் பெரிய சிரமம் இல்லை. எதிரே உள்ள லோந்தோயிர் தீவுக்குச் சிறு படகில் சில நிமிடம்தான். மேற்கே இருக்கும் ஐ, ருன் தீவுகளுக்குத் திட்டம் வேறு. ருன் மக்களின் படகு காலையில் நெய்ரா சந்தைக்கு வந்து, நண்பகலை ஒட்டித் திரும்பும். நெய்ராவிலிருந்து அதில் ஏறினால் அன்றே திரும்ப வழி இல்லை. ருன்னில் ஒரு இரவாவது தங்குங்கள், இல்லையென்றால் தனிப்படகு பேசுங்கள். எரிபொருள் கட்டணத்தை முன்கூட்டியே தெளிவாகப் பேசி, உயிர்க்காப்புச் சட்டை இருக்கிறதா என்று ஏறும் முன் கண்ணால் பாருங்கள். பிற்பகலில் காற்று கூடும் என்பதால் திரும்பும் பயணத்தைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ருன்னில் ஊற்று கிடையாது. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துத்தான் வாழ்கிறார்கள். வறண்ட மாதங்களில் விருந்தாளி குளிக்கும் ஒவ்வொரு வாளியும் அந்த வீட்டின் குடிநீர். உங்கள் குடிநீரை நெய்ராவிலிருந்து நீங்களே கொண்டுபோங்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். பகலில் மின்சாரம் இருக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். மீட்டர், மடிக்கணினி எல்லாவற்றுக்கும் மின்சேமிப்பான் வேண்டும். உருண்டை இரண்டு முனை பிளக் அங்கே பொருந்தும், அதனால் நம் ஊர்க் கைப்பேசிச் சார்ஜர் நேராகப் போகும். தடித்த மூன்று முனை மடிக்கணினிப் பிளக்குக்கு அடாப்டர் வேண்டும், அதை அம்போனிலேயே வாங்கிவிடுங்கள்.

பணமும் அம்போனில் எடுத்துக்கொள்ளுங்கள். படகு, தங்குமிடம், மாதிரி எல்லாம் ரொக்கம்தான். 1,00,000 ரூபியா தாளை மட்டும் வைத்திருந்தால் சில்லறை கிடைக்காது, பாதிக்கு 10,000, 20,000 தாள்களாக மாற்றுங்கள்.

மலுக்குவில் மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரை பற்றிப் போகுமுன் மருத்துவரிடம் பேசுங்கள். நெய்ராவில் அரசு சுகாதார நிலையம் இருக்கிறது, பெரிய மருத்துவமனை அம்போனில்தான். திரும்பி வந்து சில வாரம், மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் போன இடத்தை மருத்துவரிடம் சொல்லி, இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

சமூகப் பணி உறுப்பினர்:

சரக்கும் படகும் பேசியாயிற்று, மனிதர்களைப் பற்றிக் கொஞ்சம். எந்த ஊரில் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் ஊர்த் தலைவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். கடவுச்சீட்டு நகல், நிறுவனத்தின் கடிதம் இந்தோனேசிய மொழியில், இரண்டும் பல பிரதிகள் கையில் இருக்கட்டும். தலைவரைப் பார்க்காமல் தோட்டத்துக்குள் நுழைந்தால், அடுத்த நாள் யாரும் பேச மாட்டார்கள். ஆண்களைப் பாபாக் என்றும் பெண்களை இபு என்றும் பெயருக்கு முன் சேர்த்து அழையுங்கள். கொடுப்பதும் வாங்குவதும் வலது கையால். பெரும்பாலும் முஸ்லிம்கள் என்பதால் வெள்ளி நண்பகலில் கூட்டம் வைக்காதீர்கள். ரமலானில் பகல் வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் மரத்தில் இளந்தென்னை ஓலை கட்டியிருந்தால் அதை அவிழ்க்கவோ, அங்கே காயைத் தொடவோ வேண்டாம். மலுக்கு முழுவதும் சாசி என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. காலம் முடியும் வரை அறுவடை கூடாது என்பதன் அடையாளம் அது. ஊர் கூடித் திறக்கும் வரை வாங்குகிறவரும் காத்திருக்க வேண்டும்.

பேரம் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் நிறுவனத்துக்கு மட்டும்தான் விற்க வேண்டும் என்ற நிபந்தனையை அங்கே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அதே நிபந்தனையைத்தான் கொண்டுவந்தது. 1621-ல் யான் பீட்டர்சோன் கூன் தலைமையில் வந்த படை பண்டா மக்களில் பெரும்பாலோரைக் கொன்றது, அடிமையாக்கியது, விரட்டியது. தப்பியவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் கெய் பெசார் தீவில் பண்டா எலி, பண்டா எலாத் ஊர்களில் இருக்கிறார்கள். காலியான நிலம் 68 தோட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, அடிமைகளைக் கொண்டு பயிர் செய்யப்பட்டது. இப்போது இருப்பவர்களில் பலர் அப்படிப் பல தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். இதை அவர்களே சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மண்ணில் விலையை எடை போடும் முன் சொல்வதும், தராசை அவர்கள் கண்முன் சரிபார்ப்பதும், அன்றே ரொக்கம் கொடுப்பதும் மரியாதையின் பகுதி.

சாப்பாட்டில் ஜாதிக்காய்ச் சதைப்பற்றுப் போட்ட மீன் குழம்பும் கெனாரிப் பருப்புச் சாறு ஊற்றிய கத்தரிக்காயும் வரும். மீன் சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், காய்கறி அம்போனிலிருந்து படகில்தான் வருகிறது.

ஆவண வேலை உறுப்பினர்:

இந்தியக் கடவுச்சீட்டுக்கு வந்திறங்கியதும் தரும் விசா 5,00,000 ரூபியா, 30 நாள், ஒருமுறை நீட்டிக்கலாம். வணிகச் சந்திப்பும் பொருள் கொள்முதலும் அதில் அடங்கும், சம்பள வேலை அடங்காது. ஆராய்ச்சி நோக்கில் தகவல் திரட்டுவதென்றால் பிரின் என்ற தேசிய ஆராய்ச்சி அமைப்பின் அனுமதி தனியாக வேண்டும், அதற்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். உள்ளூர் சிம் வாங்கும்போது கைப்பேசியின் ஐஎம்இஐ எண்ணைப் பதியச் சொல்லுங்கள். பயணிகளுக்கு 90 நாள் வரை தருகிறார்கள். பதியாமல் விட்டால் சிம் வேலை செய்யாது, அதை நெய்ராவில் சரிசெய்வது கடினம். தெல்கோம்செல் சிம்மையே வாங்குங்கள்.

மாதிரியை நாட்டுக்குக் கொண்டுவரத் தாவரச் சுகாதாரச் சான்று தேவை. அம்போனில் தனிமைப்படுத்தல் அலுவலகத்தில் கேளுங்கள், வேலைநாள் ஒன்றை இதற்காக ஒதுக்குங்கள். முளைக்கக்கூடிய பச்சைக் காயை எடுத்து வராதீர்கள், உடைத்து உலர்ந்த பருப்பு மட்டும். ஈரப்பத மாதிரியைக் காற்றுப் புகாத கண்ணாடிப் போத்தலில் அடையுங்கள். பூஞ்சை, அஃப்லாடாக்சின் மாதிரியைத் துணிப்பையிலோ காகிதப் பையிலோ போடுங்கள். இதையும் பிளாஸ்டிக்கில் கட்டினால், ஈரமான காய் பயணத்திலேயே பூஞ்சை பிடித்து, தோட்டக்காரர் மேல் இல்லாத குற்றத்தை ஆய்வறிக்கை சுமத்திவிடும். இரண்டிலும் பறித்த தேதி, தட்டு எண், ஊர், எடுத்த தேதி பென்சிலால் எழுதுங்கள். பேனா மை படகில் தெறிக்கும் உப்புநீரில் கரைந்துவிடும்.