கயாக்கில் ஃபிஷ் ஃபைண்டர்: திரையில் பார்த்தது என்ன, கையில் வந்தது என்ன?

பாசிர் ரிஸ் பையன்

மூன்று மாதம் முன்பு வரை என் கயாக்கில் துடுப்பு, ஒரு தூண்டில் கோல், ஐஸ் பெட்டி, அவ்வளவுதான். கூட வருகிற நண்பர் ஃபிஷ் ஃபைண்டர், அதாவது தண்ணீருக்குள் சத்தம் அனுப்பி எதிரொலியைத் திரையில் காட்டும் கருவி, மாட்டியதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. கைமாறி வந்த பழையது, சின்னத் திரை, 200 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்டியூசர் (சத்தத்தை அனுப்பி வாங்கும் பாகம்), 120 வெள்ளி கொடுத்தேன்.

முதல் நாள் சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் கரையிலிருந்து உபின் தீவுப் பக்கம் துடுப்புப் போட்டுக்கொண்டு போனால், திரை முழுக்க மீன் படம். பெரிசு, சிறிசு, ஒவ்வொன்றின் தலைமேலும் ஆழம் வேறு எழுதியிருக்கிறது. கை நடுங்கிவிட்டது. அங்கேயே நங்கூரம் போட்டு உயிர் இறாலை இறக்கினேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. வேண்டாம் என்றாலும் வந்து கடிக்கிற கெளுத்தி கூட அன்றைக்குத் தொடவில்லை.

சாங்கியிலிருந்து உபினுக்குப் போகிற பம்போட் ஒன்று என்னைத் தாண்டிப் போன பிறகுதான் சந்தேகம் வந்தது. படகு போன அடுத்த நிமிடம் திரையில் ஒரு மீன் கூட்டமே வந்து நின்றது! படகு கிளப்பிய காற்றுக் குமிழிகளுக்கெல்லாம் கருவி வாலும் துடுப்பும் வைத்து மீனாக்கிக் காட்டியிருக்கிறது. எதிரொலி எங்கிருந்து வந்தாலும், அது மிதக்கிற பிளாஸ்டிக் பையாக இருந்தாலும், அதற்கு மீன்தான். அமைப்புகளில் போய் அந்த மீன் படத்தை அணைத்தேன். அப்புறம் தெரிந்தது வெறும் புள்ளிகளும் கோடுகளும்.

இன்னொரு அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். திரையின் இடது பக்கம் மீன் தெரிந்தால் கயாக்கின் இடது பக்கம் வீசிக்கொண்டிருந்தேன். வலது ஓரத்தில் வருவது மட்டும்தான் இந்த நொடி நமக்குக் கீழே இருப்பது என்பதும், மற்றதெல்லாம் நாம் கடந்து வந்த வழி என்பதும் மூன்றாவது பயணத்தில்தான் மண்டையில் ஏறியது. நங்கூரம் போட்டு நிற்கும்போது ஒரே ஒரு மீன் கீழே சும்மா நின்றாலும் அது பாம்பு மாதிரி நீளக் கோடாக ஓடும். அதைக் கடலடிக் கேபிள் என்று நினைத்து இடம் மாறிப் போனவன் நான்.

உங்களுக்கெல்லாம் இது என்னதான் காட்டியது?

செம்பவாங் மாமா

தம்பி, மீன் படத்தை அணைத்ததோடு பாதி வேலை முடிந்தது. இனிமேல் மீனைத் தேடாமல் தரையைப் பாருங்கள்.

எனக்கு 71 வயது. அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். 1971ல் பிரிட்டிஷ்காரர்கள் கிளம்பும்வரை நாங்கள் குவார்ட்டர்ஸில்தான் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை சம்பான் படகில் போவோம். தூண்டில் போடுவதற்கு முன்னால் அப்பா ஓர் ஈயக்குண்டை இறக்குவார். அதன் அடியில் ஒரு குழி இருக்கும், அதில் சவர்க்காரத்தை அழுத்தி வைத்திருப்பார். குண்டு தரையைத் தொட்டதும் இழுத்து, சவர்க்காரத்தில் ஒட்டியிருப்பதை விரலால் தேய்த்துப் பார்ப்பார். கறுப்புச் சேறு என்றால் ஒரு வார்த்தை பேசாமல் துடுப்பை எடுப்பார். மணலும் சிப்பித் துண்டும் வந்தால் பக்கத்தில் இன்னொரு தடவை இறக்குவார். ஒன்றுமே ஒட்டாமல் சவர்க்காரம் நசுங்கி வந்தால் அடியில் கல் இருக்கிறது. இரைப் பெட்டியை அப்போதுதான் திறப்பார்.

இப்போது பேரன் மாட்டிக்கொடுத்த கருவியில் நான் பார்ப்பதும் அந்தச் சவர்க்காரத்தைத்தான். சேற்றுத் தரை சத்தத்தை விழுங்கிவிடும். கோடு மங்கலாக, கலங்கினாற்போல் வரும். கல் தரை என்றால் கோடு பளிச்சென்று தடிமனாக வரும். அதோடு இரண்டு மடங்கு ஆழத்தில் இன்னொரு கோடும் விழும். 7 மீட்டரில் தரை, 14 மீட்டரில் இன்னொரு தரை. சத்தம் கல்லில் மோதி மேலே வந்து, தண்ணீர்ப் பரப்பில் முட்டி மறுபடி கீழே போய்த் திரும்புவதால் வருவது அது. ரேஞ்சை, அதாவது திரை காட்டும் ஆழத்தை, ஆட்டோவில் விட்டால் திரை 10 மீட்டரோடு முடிந்து, அந்த இரண்டாவது கோடு கண்ணில் படாமலே போகும். 20 மீட்டருக்கு நீங்களே மாற்றி வையுங்கள்.

எங்கள் பக்கம் சேறு அதிகம். மலேசியாவின் ஜோகூருக்குப் போகிற காஸ்வே கட்டி நூறு வருஷம் தாண்டிவிட்டது. தண்ணீர் அங்கே போய் முட்டித் திரும்ப வேண்டியதுதான். அப்படிப்பட்ட சேற்று நடுவே நாலு அடிக்குக் கல்லோ, மூழ்கிப்போன படகின் எலும்புக்கூடோ கிடைத்தால் விடவே கூடாது. அப்படி ஒரு திட்டில்தான் போன மாதம் இரண்டு கிலோவில் ஒரு ஜெனாஹா மீன் எடுத்தேன். திரையில் அந்த நேரம் ஒரு மீன் கூடத் தெரியவில்லை, இரண்டாவது கோடு மட்டும் தெரிந்தது. இடத்தைக் கருவியில் குறித்து வைத்திருக்கிறேன். எங்கே என்று கேட்காதீர்கள், பேரனுக்கே சொல்லவில்லை.

ஈசூன் அக்கா

மாமா, அந்த இடத்தை உயிலிலாவது எழுதிவையுங்கள்.

நீங்களெல்லாம் கெட்டிக் கயாக் வைத்திருக்கிறீர்கள். என்னுடையது காற்றடிக்கிற வகை. வீவக அடுக்குமாடி வீட்டில் நாலு மீட்டர்ப் படகை எங்கே நிறுத்துவது? சுருட்டிப் பையில் போட்டு டாக்ஸி டிக்கியில் வைத்துக்கொண்டு போய்விடுவேன். அதனால் கம்பி, பாட்டரி எதுவும் வேண்டாம் என்று, தண்ணீரில் வீசுகிற பந்து மாதிரி ஃபிஷ் ஃபைண்டர் வாங்கினேன். அது மிதந்துகொண்டே வைஃபையில் போனுக்குப் படம் அனுப்பும். நான் வீசுவதில்லை, கயிற்றில் கட்டிப் பக்கத்திலேயே இழுத்துக்கொண்டு போகிறேன்.

அலையில் பந்து துள்ளுகிறது, படமும் கோணல் மாணலாக வருகிறது. ஆடாமல் இருக்கட்டும் என்று ஒருநாள் ஈயம் கட்டி அரை அடி ஆழத்துக்கு முக்கினேன். தொடர்பு அப்படியே போய்விட்டது. வைஃபை தண்ணீருக்குள் போகாது என்பதை வீட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அதைவிடப் பெரிய கூத்து செம்பவாங் பக்கம் நடந்தது. பந்தின் வைஃபையில் இண்டர்நெட் கிடையாது அல்லவா? போன் அதாகவே 'இது சரிப்படாது' என்று முடிவு செய்து மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிட்டது. படம் உறைந்து நின்றது. நான் அதை அறியாமல், ஆகா தரை எவ்வளவு சமமாக இருக்கிறது என்று கால் மணி நேரம் ரசித்துக்கொண்டிருந்தேன். வற்று நீர் என்னை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. டிங் என்று ஒரு குறுஞ்செய்தி: மலேசியாவுக்கு வரவேற்கிறோம்! கரையில் நிற்கும்போதே அந்தச் செய்தி வருவதுண்டு, தெரியும். ஆனாலும் நிமிர்ந்து பார்த்தபோது ஜோகூர்க் கட்டடங்களின் சன்னல்களை எண்ணலாம் போலிருந்தது. எல்லை நடுநீரில் ஓடுகிறது. அங்கே கோடு போட்டா வைத்திருக்கிறார்கள்? தோள் கழன்றுவிடும்படி துடுப்புப் போட்டுத் திரும்பினேன்.

இப்போது கிளம்பும்போதே மொபைல் டேட்டாவை மட்டும் அணைத்துவிடுகிறேன். ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடாதீர்கள், அவசரத்துக்கு ஒருவரையும் கூப்பிட முடியாது. அப்புறம் உச்சி வெயிலில் போன் சூடேறித் தானாக மங்கிவிடும். ஈரத் துண்டு ஒன்றை மேலே போட்டு வைப்பேன்.

ஜூரோங் ஆள்

நான் சொல்வது புலாவ் ஹந்து தீவில் நடந்தது. நண்பரின் படகில் இரண்டு கயாக்கை ஏற்றிக்கொண்டு போய் அங்கே இறக்கினோம். பவளப் பாறை ஓரம் மெதுவாகப் போகும்போது, தரையிலிருந்து மேல்மட்டம் வரை தூண் தூணாகத் திரையில் எழும்பியது. ஒன்று, இரண்டு, நான்கு. பொடி மீன் கூட்டம், கீழே பாரை துரத்துகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். 60 கிராம் ஜிக்கை (உலோகப் போலி இரை) இறக்க விரல் கம்பியில் இருக்கிறது. பின்னால் வந்த நண்பர் கத்தினார். குனிந்து பார்த்தால் தண்ணீர்ப் பரப்பில் குமிழிகள் பொரிந்துகொண்டிருக்கின்றன. கீழே முக்குளிப்பவர்கள்! கொஞ்ச தூரத்தில் நின்ற படகில் வெள்ளையும் நீலமுமாகக் கொடி பறந்ததைப் பார்த்தும்தான் இருந்தேன், அலங்காரம் என்று நினைத்தேன். முக்குளிப்பவர் கீழே இருக்கிறார், விலகிப் போ என்பதற்கான கொடி அது. யார் தலையிலாவது அந்த ஜிக் விழுந்திருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

காற்று கருவிக்கு அவ்வளவு பளிச்சென்று தெரியும். மீனே அதன் வயிற்றுக் காற்றுப்பையால்தான் நன்றாகத் தெரிகிறது. திருக்கைக்குக் காற்றுப்பை இல்லை, அதோடு தரையோடு தரையாக ஒட்டிப் படுத்திருக்கும். அதனால் திரை வெறுமையாக இருக்கும்போதே கோல் வளைந்து கயாக் இழுபட ஆரம்பித்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இன்னொன்று, இந்தக் கருவி பார்க்கிற இடம் ரொம்பச் சின்னது. சத்தம் 20 டிகிரிக் கூம்பாக விரிகிறது என்றால் 10 மீட்டர் ஆழத்தில் மூன்றரை மீட்டர் அகலம்தான். கயாக்கின் நீளம் கூட வராது.

உட்லண்ட்ஸ் ஒர்க்‌ஷாப்

மாட்டுவது பற்றி இரண்டே வார்த்தை. டிரான்ஸ்டியூசரைக் கயாக்கின் உள்ளே அடிப்பக்கம் சிலிக்கான் வைத்து ஒட்டினேன். பிளாஸ்டிக் ஊடாகச் சத்தம் போகும், ஆனால் பசைக்குள் ஒரு காற்றுக் குமிழி மாட்டினால் கதை முடிந்தது, எனக்கு மாட்டியது. பிய்த்து எடுத்து, குழந்தைகளின் களிமண்ணால் வட்டமாக ஒரு வரப்புக் கட்டி, உள்ளே தண்ணீர் ஊற்றி அதில் உட்கார வைத்தேன். தெளிவாக வருகிறது. வெப்பநிலை மட்டும் கயாக்கின் உள்சூட்டைக் காட்டும், அதை நம்பாதீர்கள். பாட்டரி 12 வோல்ட், 7 ஆம்ப்-அவர். ஒரு நாள் முழுக்கத் தாராளமாக வரும். ஈய பாட்டரி இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும், லித்தியம் அதில் பாதிதான். சிம் லிம் டவர் கடைகளில் ஒரு ஃபியூஸ் வாங்கிப் போட்டுவிடுங்கள், உப்புத் தண்ணீர் எப்போது எங்கே புகும் என்று சொல்ல முடியாது.

பாசிர் ரிஸ் பையன்

மாமா சொன்னபடி ரேஞ்சை 20ல் வைத்துக்கொண்டு சனிக்கிழமை விடிகாலையில் போனேன். முக்கால் மணி நேரம் இரண்டாவது கோட்டுக்காகவே சுற்றினேன், தூண்டிலைத் தொடவில்லை. உபினுக்குத் தெற்கே 9 மீட்டரில் ஓரிடத்தில் 18ல் இன்னொரு கோடு விழுந்தது. தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன், மறுபடி விழுந்தது. நீர் இழுக்கிற பக்கத்திலிருந்து மிதந்து வந்து ஜிக்கைப் போட்டதில் இரண்டாவது தடவையே ஒரு களவா. ஒன்றரைச் சாண் இருக்கும். அந்தச் சந்தோஷம் இருக்கிறதே!

அந்தச் சந்தோஷத்தில்தான் கோளாறு. தலையைத் தூக்கவே இல்லை. மேற்கே கறுத்துக்கொண்டு சுமத்ரா காற்று வருவதை, முதுகில் குளிர் அடித்த பிறகுதான் கவனித்தேன். ஜூன் மாத விடிகாலை, எதிர்பார்த்திருக்க வேண்டும். உபின் கரையில் சதுப்பு மரங்களுக்குள் கயாக்கைச் செருகி, உயிர்க்கவசத்தோடு சுருண்டு உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் இடியும் மழையும். கருவி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மழை அடித்த அடியில் திரையின் மேல் பாதி முழுக்கப் புள்ளி.

செம்பவாங் மாமா

களவாவை என்ன செய்தீர்கள்?

பாசிர் ரிஸ் பையன்

அம்மா புளிக்குழம்பு வைத்தார், மாமா. மீன் சின்னது, குழம்புதான் நிறைய.

ஈசூன் அக்கா

பந்து வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், ஆனால் துடைத்துக் காய வையுங்கள். ஈரம் பட்டாலே அது விழித்துக்கொண்டு வேலை பார்க்க ஆரம்பித்துவிடும். பைக்குள் கிடந்தபடியே பாட்டரி தீர்ந்துவிடும். நேற்று வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு மறந்துபோனேன். என் மகன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். வாளிக்குள் இரண்டு மீன் காட்டுகிறதாம்.