டயப்ளோ கேம்ல பேயக் கொன்னதும் கண்ணு முன்னாடி விழுந்து கைக்கு வராமப் போன ஐட்டம், உங்களுக்கு எது?

வைகைக்கரை பாலாடின்:
2004 முழுப்பரீட்ச லீவு, சிம்மக்கல் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர், லேன்ல டயப்ளோ 2, நானும் சித்தப்பா மகனும். நைட்மேர்ங்குற ரெண்டாவது கஷ்ட லெவல்ல ஆண்டாரியல்ங்குற பெரிய பேய் செத்து விழுறா, கீழ விழுந்ததோட பேரு தெரிய ஆல்ட்ட அமுக்குறேன், குவியலுக்கு நடுவுல தங்கக் கலர்ல ‘ரிங்’, தங்கக் கலர்னா யுனிக். மவுஸ் பந்துல அழுக்கு ஏறி கர்சர் அங்கிட்டு இங்கிட்டு துள்ளுது, நான் போறதுக்குள்ள பக்கத்து சீட்ல டக்குனு ஒரு கிளிக்கு, எழுத்து காணோம். "நீயாடா எடுத்த?"ன்னேன், "என்னத்த?"ன்னான், ஸ்கிரீன விட்டு கண்ணத் திருப்பல. வெளிய வந்து பருத்திப்பால் வேற வாங்கிக் குடுத்தான், அவன் காசு எடுத்து நான் பாத்ததே இல்ல. ரொம்ப அபூர்வமான ஜோர்டான் மோதிரந்தான் அது, சத்தியமா.

கரண்ட்டால செத்தவன்:
உங்களுக்கு மோதிரம், எனக்கு ஆளே போச்சு. 2012, உசிலம்பட்டி, டயப்ளோ 3, ஒரு தடவ செத்தா ஆளே போயிடுற ஹார்ட்கோர் மோடுல ஒரு பார்பேரியன். தனியா ஆடுனாலும் நெட் வேணும் அதுக்கு. கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் இருந்துச்சு, மோடத்துக்கு இல்ல. ஃபேன் நின்னுச்சு, அவ்ளோதான். அதவிட எரிச்சல், அன்னைக்கு வரைக்கும் விழுந்த நல்ல ஐட்டம் பூரா மந்திரவாதிக்கு ஆகுற இன்டலிஜென்ஸ், பார்பேரியனுக்கு வேண்டியது ஸ்ட்ரெங்த். அத கேமுக்குள்ள ஐட்டம் ஏலம் போடுற ஆக்சன் ஹவுஸ்ல வித்து வேணுங்குறத அங்கயே வாங்கணும், பேயக் கொல்ல வந்தவன கமிஷன் மண்டில உக்கார வச்சுட்டாய்ங்க. 2014ல நம்ம ஆளு வகைக்கு (கிளாஸுக்கு) ஏத்த மாதிரி விழுற மாதிரி மாத்தி, மார்ச்ல ஆக்சன் ஹவுஸையும் மூடுனாய்ங்க, நான் அதுக்குள்ள விட்டுட்டேன்.

மாட்டுத்தாவணி மந்திரவாதி:
பாலாடின் அண்ணே, டயப்ளோ 3ல அவனவனுக்கு ஐட்டம் தனித்தனியா விழும், பங்காளி சண்டையே வராது, அதுதான் சரி. என் கத டயப்ளோ 2ல, சின்னது: ரூன்ங்குற மந்திரக் கல்ல ஆர்மர் ஓட்டைல சரியான வரிசைல போட்டா ரூன்வேர்ட்னு தனி பவர் வரும், அதுல எனிக்மாவுக்கு ஜா, இத், பெர்னு போடாம பெர், இத், ஜான்னு போட்டுட்டேன், எல்லாம் வீண். அதனால எல்லாருக்கும் சொல்றேன், ஆர்மர் பேரு வெள்ளையாவோ சாம்பலாவோ இருக்கணும், நீலம்னா ரூன்வேர்ட் ஆகாது, ஓட்டை கரெக்டா மூணு, நாலு ஓட்டைல மூணு ரூன் போட்டா வேலைக்காகாது, ஹெல் ரூனையும் டவுன் போர்ட்டல் ஸ்க்ரோலையும் சேத்து க்யூப்ங்குற கலவைப் பெட்டில போட்டா ஓட்டை காலியாகும் ஆனா உள்ள கிடந்த ரூன் வராது, அப்புறம் நல்ல ஐட்டம் விழுற வாய்ப்பக் கூட்டுற மேஜிக் ஃபைண்ட் ஏத்துனா ரூன் கொட்டும்னு எவனாச்சும் சொன்னா நம்பாதீங்க, அதுக்கும் ரூனுக்கும் சம்பந்தமே இல்ல, கூட ஆடுற ஆள் எண்ணிக்க கூடுனாத்தான் விழுறது கூடும்.

வைகைக்கரை பாலாடின்:
அட்வைஸ் யாரு கேட்டா தம்பி

டிராப் கணக்கு வாத்தியார்:
பாலாடின், நைட்மேர் ஆண்டாரியல்ட்ட யுனிக் மோதிரம்னா மூணுல ஒண்ணுதான், நாகல்ரிங், மனால்ட் ஹீல், ஜோர்டான். மொத ரெண்டும் சும்மா சும்மா விழும், ஜோர்டான் எப்பவோ ஒருக்கா. நாகல்ரிங்குக்கா இத்தன வருசமா அவன முறைச்சுக்கிட்டுத் திரியுறீங்க?

வைகைக்கரை பாலாடின்:
நாகல்ரிங்னா காட்டிருப்பான்ல. அதுக்கு எதுக்குய்யா பருத்திப்பால்?