வானில் கண்ட பொருளின் வேகமும் மேல்காற்றும்: உங்கள் அனுபவங்கள்

ஜன்னலோரப் பயணி:
விமானம் பயண உயரத்தை எட்டியிருந்தபோது, வெண்ணிறக் கோளம் ஒன்று இறக்கை நுனிக்கு அப்பால் தோன்றிக் கண்ணிமைக்கும் நேரத்தில் பின்னோக்கிப் பாய்ந்து மறைந்தது. புகைத்தடம் எதுவும் இல்லை. இருக்கைத் திரையில் தரைவேகம் மணிக்கு 1,050 கி.மீ. என்றும் பின்காற்று 180 கி.மீ. என்றும் இருந்தன. அது நின்றிருந்ததா, எதிர்த்து வந்ததா என்ற கேள்வி இன்றும் என்னை விடவில்லை.

மேகம் பார்ப்பவர்:
அது பலூன்தான். உங்களைத் தள்ளிய காற்றே அதையும் சுமந்திருக்கும் என்பதால், 1,050 அன்று, 870 கி.மீ. வேகத்தில்தான் அது உங்களைக் கடந்திருக்கும். நான் கண்டது வேறு. அந்தி வேளையில் ஓர் ஒளிப்புள்ளி தாழ்மேகங்களுக்கு நேரெதிராக நகர்ந்தது. காற்றை எதிர்த்துச் செல்கிறது என்று அருகிலிருந்தோர் வியந்தனர்; உயரத்துக்கேற்பக் காற்றின் திசை மாறும் என்பதை எவரும் எண்ணவில்லை.

இரவு வானம்:
பலூன் என்று முடிவு கட்டுவதை ஏற்க இயலாது. 870 கி.மீ. என்பது பொருளும் விமானமும் ஒரே காற்றடுக்கில் இருந்தால் மட்டுமே பொருந்தும். பொருந்தினாலும் அது காற்றோடு மிதந்திருக்கக்கூடும் என்பதற்கு மேல் எதையும் நிறுவாது. அமெரிக்கக் கடற்படையின் ‘கோ ஃபாஸ்ட்’ காணொளியில் கடல்மீது சீறிப் பாய்வதாகத் தோன்றிய பொருள், ஏறத்தாழ 13,000 அடி உயரத்தில் சராசரியாக மணிக்கு 64 கி.மீ. வேகத்தில்தான் சென்றது என்று 2023இல் வெளியான நாசா ஆய்வுக் குழுவின் அறிக்கை கணக்கிட்டது. அந்த உயரத்தில் காற்றே அவ்வளவு வீசும். மிகுதி வேகத் தோற்றம், படம்பிடித்த விமானத்தின் சொந்த வேகத்தால் வந்தது.

இனிக் காண்போர் வேகத்தை ஊகிக்க வேண்டாம். நொடிக்கு எத்தனை பாகை நகர்ந்தது என்பதையும் நேரத்தையும் திசையையும் குறியுங்கள். நொடிக்கு 1 பாகை என்பது 1 கி.மீ. தொலைவில் மணிக்கு 63 கி.மீ.; 10 கி.மீ. தொலைவில் 630 கி.மீ. பிறகு அருகிலுள்ள வானிலை நிலையத்தின் பலூன் பதிவை எடுங்கள். பெரும்பாலும் நாளுக்கு இருமுறை, உலகப் பொது நேரம் 0 மணிக்கும் 12 மணிக்கும் எடுக்கப்படும் அப்பதிவில் ஒவ்வோர் உயரத்துக்கும் காற்றின் வேகமும் திசையும் இருக்கும். 10 கி.மீ. உயரத்தில் விரைந்தோடும் குறுகிய காற்றோட்டமான தாரைக்காற்று (ஜெட் ஸ்ட்ரீம்) மணிக்கு 200 கி.மீ.யைக் கடப்பது இயல்பே. நீங்கள் கருதும் ஒவ்வொரு தொலைவுக்கும் உரிய உயரத்தின் காற்றைத் திசையோடு சேர்த்துக் கழியுங்கள். எல்லாத் தொலைவுகளிலும் பெரும் வேகம் மிஞ்சினால், அந்தக் கணக்கை இங்கே முழுமையாக எழுதுங்கள்.