ருவென்சோரி எரிமலையா? டாலமி சொன்ன ‘சந்திர மலை’ இதுதானா?

முகில்தேடி கேட்டது:
உகாண்டாவுக்கும் காங்கோ ஜனநாயகக் குடியரசுக்கும் எல்லையாக நிற்கும் ருவென்சோரி மலைத்தொடரைப் பற்றிப் படித்து வருகிறேன். ஆப்பிரிக்காவில் இதைவிட உயரமான கிளிமஞ்சாரோவும் கென்யா மலையும் எரிமலைகள். 5,109 மீட்டர் உயரமுள்ள இதுவும் அவ்வாறே உருவானதா? மேலும், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் புவியியலாளர் டாலமி நைல் நதியின் தோற்றுவாயாகக் குறித்த ‘சந்திர மலை’ இதுவேதான் என்று சிலர் உறுதியாக எழுதுகிறார்கள். அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கல்வெட்டி எழுதியது:
எரிமலை அன்று. கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கின் மேற்குக் கிளையில், இருபுறமும் நிலம் பிளந்து தாழ்ந்தபோது நடுவே இருந்த மிகப் பழைய பாறைத் துண்டு மேலே உந்தப்பட்டு எழுந்ததே இம்மலை. ஏறத்தாழ 120 கி.மீ. நீளமும் 65 கி.மீ. அகலமும் கொண்டது, பெரும்பாலும் நைஸ் போன்ற உருமாறிய பாறைகளால் ஆனது. கிளிமஞ்சாரோவைப் போலப் பரந்த கூம்புருவம் இல்லாமல், ஸ்டான்லி, ஸ்பீக், பேக்கர் முதலிய ஆறு முகட்டுத் தொகுதிகளாகப் பிரிந்து நிற்பதற்குக் காரணம் அதுவே. அடிவாரத்து ஃபோர்ட் போர்ட்டல் நகருக்கு அருகே உள்ள எரிமலைவாய் ஏரிகளைப் பார்த்துக் குழம்பிவிட வேண்டாம். அவை வேறு கதை.

பழஞ்சுவடி எழுதியது:
‘இதுவேதான்’ என்பது மிகை. டாலமிக்குக் கிடைத்தது வணிகர் வாய்வழிச் செய்தி மட்டுமே. கிளிமஞ்சாரோவைச் சுட்டுவோரும் உண்டு. ஆயினும் ருவென்சோரியில் உருகும் பனிநீர் செம்லிகி ஆற்றின் வழியே ஆல்பர்ட் ஏரியை அடைந்து வெள்ளை நைலில் கலக்கிறது என்பதால், அச்செய்தியை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஆண்டின் பெரும்பகுதி மேகம் போர்த்திய மலை இது. 1888 மே மாதத்தில் ஐரோப்பியப் பயணி ஹென்றி ஸ்டான்லிக்கு இதைச் சுட்டிக்காட்டிய சிறுவன், உப்பு மூடிய மலை என்றே சொன்னான். 1906 ஜூன் 18 அன்று இத்தாலியின் அப்ரூத்சி கோமகன் குழுவினர் இதன் மிக உயர்ந்த முனையான மார்கெரிட்டா சிகரத்தில் ஏறினர்.

அடிவாரம் எழுதியது:
ஸ்டான்லிதான் ‘கண்டுபிடித்தார்’ என்று யாரும் இங்கே எழுதாதது ஆறுதல். அச்சரிவுகளில் வாழும் பகொன்ஸோ மக்கள் பனியை ‘ன்சுருரு’ என்பர். அவர்களுடைய தெய்வமான கிட்டாசம்பா குடியிருப்பது அந்தப் பனியில்தான். உகாண்டாவுக்குள் இருந்த டோரோ என்ற பாரம்பரிய அரசின் மேலாண்மையை எதிர்த்து 1962-இல் அவர்கள் தனி அரசை அறிவித்தபோது அதற்கு இட்ட பெயரும் ‘ருவென்சுருரு’. 2009-இல்தான் உகாண்டா அரசு அதை ஏற்றது.

முகில்தேடி எழுதியது:
மூவருக்கும் நன்றி. அப்படியானால் அந்தத் தெய்வத்தின் இருப்பிடம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

அடிவாரம் எழுதியது:
1906-இல் ஆறு தொகுதிகளிலுமாகச் சுமார் 7.5 சதுர கி.மீ. பனிப்பாறை இருந்தது, 2005-இல் மூன்றே தொகுதிகளில் ஏறத்தாழ 1.5 சதுர கி.மீ. எஞ்சியது. பனிக்குக் கீழே, தன் உலர்ந்த இலைகளையே தண்டைச் சுற்றிப் போர்வையாக வைத்துக்கொண்டு இரவுக் குளிரைத் தாங்கும் ராட்சத செனேசியோ மரங்கள் மட்டும் சேற்றுநிலத்தில் நின்றுகொண்டிருக்கின்றன.