புதிய பெல்ட் போட்டும் பவர் டில்லர் இழுக்கவில்லை: கியர் பெட்டியைப் பிரிக்க வேண்டுமா?

தடப்பள்ளிக்கரை:
வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம் நெல், மஞ்சள், கொஞ்சம் தென்னை. எங்களிடம் இருப்பது 13 குதிரைத்திறன் டீசல் பவர் டில்லர், 2010இல் வாங்கியது. சென்ற போகத்தில் கேஜ் வீல் (சேற்றில் ஓட்டும் இரும்புச் சக்கரம்) மாட்டி எங்கள் வயலையும் பங்காளி வயலையும் இதில்தான் சேறடித்தோம். இப்போது டயரை மாட்டித் தோப்பில் உழுதால், பின்னால் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் மண்ணைக் கடித்ததும் வண்டி நின்றுவிடுகிறது. என்ஜின் சத்தம் கொஞ்சமும் இறங்குவதில்லை. கைப்பிடியை உயர்த்தி ரொட்டவேட்டரைத் தூக்கினால் மறுபடி நகர்கிறது. காலையில் ஓரளவு இழுக்கிறது, வண்டி சூடேறியதும் மோசம். பட்டறையில் மூன்று பெல்ட்டையும் மாற்றினார்கள், பலன் இல்லை. கியர் பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும் என்கிறார்கள். மஞ்சளுக்கு மண் அணைக்கும் நேரத்தில் வண்டியைப் பட்டறையில் போட்டுவிட்டு உட்கார மனம் வரவில்லை. பிரிக்காமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

காங்கேயம் காளை:
புதிய பெல்ட் ஓட்டத் தொடங்கியதுமே கொஞ்சம் தளரும். மறுபடி இறுக்கினார்களா? என்ஜினைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, என்ஜினை முன்னே நகர்த்தி இறுக்குங்கள். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு விரல் கனம் இறங்க வேண்டும். அதற்கு மேல் முறுக்கினால் பேரிங் போய்விடும்.

மன்னார்குடி மெக்கானிக்:
தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். வண்டி நிற்கும்போது ரொட்டவேட்டரும் நிற்கிறதா, சக்கரம் மட்டும் நிற்கிறதா? இதைக் கேட்காமல் ஸ்பானரை எடுப்பதில் பயனில்லை.

என்ஜினிலிருந்து பெல்ட், அங்கிருந்து மெயின் கிளட்ச், அதன் பிறகே கியர் பெட்டி. சக்கரத்துக்கும் ரொட்டவேட்டருக்கும் பாதை பிரிவது கியர் பெட்டிக்குள்தான். இரண்டும் சேர்ந்து நின்றால் கோளாறு பிரிவுக்கு முன்னால் இருக்கிறது: பெல்ட் அல்லது கிளட்ச். சக்கரம் மட்டும் நின்றால் சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் ஹப் பின் அறுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் நின்றால் அந்தப் பக்கத்து ஸ்டீயரிங் கிளட்ச். டிராக்டரில் இருக்கும் டிஃபரன்ஷியல் இதில் கிடையாது. இரு பக்கச் சக்கரங்களும் பல் கோத்து ஒன்றாகச் சுழல்பவை.

இரண்டும் நிற்கிறது என்றால் அடுத்த சோதனை. பெல்ட் மூடியைக் கழற்றி, கிளட்ச் புல்லியின் முகத்தில் சாக்பீஸால் தடிமனாக ஒரு கோடு போடுங்கள். வண்டியின் மூக்கைத் தென்னை மரத்தில் முட்டவைத்து, முதல் கியரில், என்ஜின் வேகத்தைக் குறைத்து, கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். ஒருவர் கைப்பிடியில், ஒருவர் தள்ளி நின்று பார்க்க. வேட்டி, துண்டு எதுவும் அந்தப் பக்கம் வரக் கூடாது. கோடு நின்று பெல்ட் மட்டும் ஓடினால் பெல்ட் வழுக்குகிறது. கோடும் சுற்றிக்கொண்டு, சக்கரம் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. என்ஜின் திணறி அணைந்தால் இரண்டுமே சரி.

பெல்ட்டும் புல்லியும் சேர்ந்துதான் பிடிக்கும். பெல்ட்டின் இரு பக்கங்கள்தான் பிடிப்பவை. அடிப்பாகம் புல்லியைத் தொடக் கூடாது. புதிய பெல்ட் விளிம்புக்குக் கீழே அமிழ்ந்து உட்கார்ந்து, புல்லிக் காடியின் அடித்தளம் பளபளவென்று இருந்தால் காடி தேய்ந்துவிட்டது. எத்தனை பெல்ட் மாற்றினாலும் அதே கதைதான்.

கடைசியாக, கியர் ஆயில் மூடியைத் திறந்து அளவையும் நிறத்தையும் பார்த்துச் சொல்லுங்கள்.

தடப்பள்ளிக்கரை:
நன்றி ஐயா. ரொட்டவேட்டரும் சேர்ந்துதான் நிற்கிறது. மரத்தில் முட்டவைத்துப் பார்த்தோம்: சாக்பீஸ் கோடு சுற்றிக்கொண்டே இருந்தது, சக்கரம் அசையவில்லை. பெல்ட் விளிம்போடு சமமாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. கிளட்ச் ராடில் கொஞ்சம் தளர்ச்சி இருக்கிறது, இழுத்துப் பிடிக்கவில்லை. ஆயில் மூடியைத் திறந்ததும்தான் திகைத்துவிட்டேன். நாங்கள் ஊற்றியதைவிட அளவு அதிகம். நிறம் பால் காப்பி மாதிரி.

மன்னார்குடி மெக்கானிக்:
நோய் கிடைத்துவிட்டது. சேறடிக்கும்போது அச்சு சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அதனால்தான் அளவு ஏறியிருக்கிறது. ஏறிய அளவு கிளட்ச் ஷாஃப்ட் சீல் வரை எட்டி, அது தேய்ந்திருந்தால் அதன் வழியே கசிந்து தகடுகளை நனைக்கும். இது உலர் கிளட்ச். தகட்டில் ஆயில் பட்டால் பிடிப்பு போய்விடும். வழுக்க வழுக்கச் சூடேறும். சூட்டில் தகட்டுக்குள் ஊறியிருக்கும் ஆயில் வெளியே வரும். காலையில் இழுத்து மதியம் படுத்துவிடுவது அதனால்தான்.

கியர் பெட்டியைப் பிரிக்க வேண்டாம். வண்டியைச் சமதளத்தில் இரவு முழுவதும் ஆட்டாமல் விடுங்கள். காலையில் வடிகால் போல்ட்டைக் கொஞ்சமாகத் தளர்த்தினால் அடியில் தங்கிய தண்ணீர் முதலில் வரும். பிறகு கிளட்ச்சைக் கழற்றுங்கள். சக்கரங்களை எடுத்து அச்சு சீலைப் பாருங்கள். கிளட்ச் சீலை மட்டும் மாற்றிவிட்டு நெல் வயலில் இறங்கினால் அடுத்த போகத்திலும் இதே பாடுதான்.

காங்கேயம் காளை:
தகடுகளைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்து மாட்டினாலே ஓடும். எதற்கு வீண் செலவு?

மன்னார்குடி மெக்கானிக்:
ஓடும், ஐயா. சந்தைக்குப் போய்வர ஓடும். உராய்வுத் தகட்டின் பட்டையில் ஊறிய ஆயில் முழுதாக வெளியேறாது. முதல் கடினமான உழவிலேயே மறுபடி வழுக்கும். அவற்றைப் புதிதாகப் போடுங்கள். இடையில் வரும் இரும்புத் தகடுகளைக் கழுவி, உப்புத்தாளில் தேய்த்து, கண்ணாடிப் பலகையில் வைத்துப் பாருங்கள். ஆடாமல் படிந்து உட்கார்ந்தால் அவையே போதும். நீலம் பாய்ந்திருந்தாலோ வளைந்திருந்தாலோ தூக்கிப் போடுங்கள்.

தடப்பள்ளிக்கரை:
கழற்றிவிட்டோம். தகடு ஈரமாகத்தான் இருந்தது. தொட்டால் விரல் கறுப்பாகிறது. இடது சக்கரத்தை எடுத்தபோது ஹப்புக்கும் சீலுக்கும் நடுவில் வைக்கோலும் நைலான் கயிறும் முறுக்கிச் சுற்றிக் கெட்டியாக இறுகியிருந்தன. கத்தியால் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. கயிறு சீலின் உதட்டையே அறுத்திருக்கிறது. அந்த இடத்தில் அச்சில் நகத்தால் தடவினால் சிக்கும் அளவுக்கு வரிப்பள்ளம். புதிய சீல் போட்டால் நிற்குமா?

மன்னார்குடி மெக்கானிக்:
பள்ளத்தின் மேலேயே உதடு உட்கார்ந்தால் நிற்காது. இடம் இருந்தால் சீலை ஒரு நூல் அளவு முன்னே நிறுத்தி அடியுங்கள். உதடு தேயாத இடத்தில் ஓடும். இடம் இல்லையென்றால் லேத்தில் கொடுத்து அந்த இடத்தில் மெல்லிய சிலீவ் (உலோக உறை) ஏற்றச் சொல்லுங்கள். பழைய சீலின் முகத்தில் மூன்று எண்கள் இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், கனம், எல்லாம் மில்லிமீட்டரில். அந்த எண்களைக் கடையில் காட்டி வாங்குங்கள். ஸ்பிரிங் உள்ள உதடு ஆயில் பக்கம் பார்க்க வேண்டும். அச்சுக்குத் தூசி உதடும் சேர்ந்த சீலாகக் கேளுங்கள். சேற்றைத் தடுப்பது அதுதான். பொருத்தும் முன் உதட்டில் கிரீஸ் தடவுங்கள்.

தடப்பள்ளிக்கரை:
சிலீவ் ஏற்றி, இரு பக்க அச்சு சீலும் கிளட்ச் சீலும் புதிதாகப் போட்டாயிற்று. உராய்வுத் தகடுகளும் புதியவை. நேற்று அதே தோப்பில் வெயிலில் ஓட்டினோம். இரண்டாம் கியரில் நிற்காமல் போகிறது. ஒன்று மட்டும்: ஊற்றிய 90ஆம் எண் கியர் ஆயில் லேசாக மங்கலாகிவிட்டது. மறுபடியும் தண்ணீர் இறங்குகிறதா?

மன்னார்குடி மெக்கானிக்:
காய்ந்த தோப்பில் தண்ணீர் எங்கிருந்து வரும்? பற்களிலும் மூலைகளிலும் ஒட்டியிருந்த பழையதுதான் கலந்திருக்கிறது. ஒரு நாள் உழவு முடித்து, வண்டி சூடாக இருக்கும்போதே அந்த ஆயிலை இறக்கிவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். அதுவும் மங்கினால் எழுதுங்கள். சேற்றில் இறங்கும் காலத்தில் வாரம் ஒரு முறை வடிகால் போல்ட்டைத் தளர்த்திப் பாருங்கள். கேஜ் வீலைக் கழற்றும் அன்று ஹப்பில் சுற்றியிருக்கும் கயிற்றையும் அறுத்து எடுத்துவிடுங்கள்.