பாவ்லோவ்ஸ்க் அரண்மனை: அசலா, நகலா?

கல்தச்சன்:
செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பயணக் குறிப்பில் ஒருவர், "பாவ்லோவ்ஸ்க் அரண்மனை வெறும் நகல். போரில் எரிந்ததைப் புதிதாகக் கட்டிவிட்டு டிக்கெட் விற்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 1944 ஜனவரியில் ஜெர்மன் படை வெளியேறியபோது கூரையும் உள்ளறைகளும் எரிந்தன. கட்டடக் கலைஞர் சார்லஸ் கேமரன் 1782இல் எழுப்பத் தொடங்கிய சுவர் நின்றது. நின்ற சுவர் எப்படி நகலாகும்?

நெடுவழி:
எழுதியவன் நான்தான். சுவரைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போகிறோம்? அரியணை மண்டபத்தின் கூரைச் சித்திரம் ஓவியர் கொன்சாகா தாளில் மட்டும் வரைந்தது. அவர் காலத்தில் தீட்டப்படவே இல்லை. போருக்குப் பிறகு தீட்டினார்கள். இதுதான் உங்கள் அசலா?

கல்தச்சன்:
ஒரு கூரையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். 1941இல் மேசை நாற்காலிகளைக் கிழக்கே அனுப்பினார்கள். சுமக்க முடியாத சிலைகளை நிலவறையில் வைத்துச் செங்கல் சுவர் எழுப்பி மறைத்தார்கள். தோட்டத்துச் சிலைகளை மண்ணுக்குள் புதைத்தார்கள். அரண்மனை அருங்காட்சியக இயக்குநர் அன்னா செலெனோவா பழைய வரைபடங்களை வைத்து அறை அறையாக மீட்டார். 1957இல் முதல் அறைகள் திறந்தன. அவர் உழைப்பை நகல் என்று சொல்ல மனம் எப்படி வந்தது? சுவர் நின்றது ஐயா.

மழைக்குருவி:
இருவரும் பூங்காவை மறந்துவிட்டீர்களே! ஏறக்குறைய 600 ஹெக்டேர். ஸ்லாவ்யங்கா ஆற்றங்கரையில் இருக்கும் அப்பல்லோ தூண் வரிசை 1817இல் புயலில் சரிந்தது. அப்படியே விட்டுவைத்தார்கள், அதுவே அழகு.

நெடுவழி:
நன்றி, என் கட்சிக்கே சாட்சி சொன்னீர்கள். இடிந்ததை இடிந்தபடி விடுவதுதான் நேர்மை.

மழைக்குருவி:
நான் யார் கட்சியும் இல்லை.

கல்தச்சன்:
அப்படியானால் 1803 தீயையும் கணக்கில் எடுங்கள். அப்போதே கட்டடக் கலைஞர் வொரோனிகின் உள்ளறைகளை மறுபடி செய்தார். அதை அசல் என்பீர்கள், 1957ஐ நகல் என்பீர்களா? வார்சா பழைய நகரம் பற்றியும் இதே பிடிவாதம் பிடித்தீர்கள். போருக்குப் பின் எழுப்பிய அந்நகரை 1980இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது என்று காட்டியதும் மூன்று வாரம் காணாமல் போனீர்கள்.

நெடுவழி:
ஊருக்குப் போயிருந்தேன். வார்சாவை ஏன் இழுக்கிறீர்கள்? கூரைக்குப் பதில் சொல்லுங்கள்.

கல்தச்சன்:
சுவருக்கு நீங்கள் சொன்னீர்களா?

மழைக்குருவி:
வெண்பூர்ச்ச மரங்கள் இருக்கும் பகுதிக்கு நடந்தே போக முடியுமா என்று யாராவது சொல்லுங்கள்.

நெடுவழி:
முதலில் அவர் கூரைக்குப் பதில் சொல்லட்டும்.